தேக்கடி படகுச் சுற்றுலா

தேக்கடி படகுச் சுற்றுலா என்பது கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் தேனி மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்துள்ள பெரியாறு ஏரியில் நடத்தப்படும் படகுப் பயணம் ஆகும். பெரியாறு புலிகள் காப்பகத்தின் நடுவே அமைந்த இந்நீர்ப்பரப்பில் படகு மெதுவாகச் செல்லும்போது, நீர் அருந்தக் கரைக்கு வரும் யானை, காட்டெருமை, மிளா முதலிய விலங்குகளைப் பயணிகள் படகில் அமர்ந்தவாறே காண இயலும். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இருந்து பெருமளவிலான பயணிகள் இங்கு செல்கின்றனர்.

பெரியாறு ஏரி இயற்கையான ஏரி அன்று. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றை 1895 ஆம் ஆண்டில் அணை கட்டித் தடுத்ததால் உருவான நீர்த்தேக்கம் இதுவாகும். இதே நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே சென்று கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களுக்கும், திராட்சை வளரும் நிலத்துக்கும், அதற்கு அப்பால் மதுரைச் சமவெளிக்கும் பயன்படுகிறது. எனவே தேக்கடிப் படகுச் சுற்றுலாவை அந்நீரை நம்பியுள்ள வேளாண்மையோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

பெயர்

தேக்கடி என்னும் பெயர் தேக்கு மரத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. பயணிகள் தங்கும் விடுதிகளும் கடைகளும் பெரும்பாலும் எல்லை ஊரான குமுளியில் உள்ளன. படகுத்துறை அங்கிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவில், காப்பகத்தின் உள்ளே அமைந்துள்ளது. பேச்சு வழக்கில் குமுளி, தேக்கடி ஆகிய இரு பெயர்களும் ஒன்றுக்கு மற்றொன்றாகப் பயன்படுத்தப்படுவது உண்டு.

ஏரியின் தோற்றம்

சிவகிரி மலைப்பகுதியில் தோன்றும் பெரியாறு 244 கி.மீ. ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. இது கேரளத்தின் மிக நீளமான ஆறாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மழை மிகுதி. அதே மலையின் கிழக்கே உள்ள வைகைப் படுகை மழை மறைவுப் பகுதியாகும். எனவே பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் நெடுங்காலமாக இருந்து வந்தது. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789 ஆம் ஆண்டிலேயே இதற்கான வழியை ஆராய்ந்தார். போதிய பொருள் வசதி இன்மையால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாக்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு சென்னை மாகாண அரசு இத்திட்டத்தை மீண்டும் கையில் எடுத்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. இதன்படி நீர் தேங்கும் பரப்பான 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையாக வழங்கப்பட்டது.

பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887 ஆம் ஆண்டு அணைப் பணி தொடங்கியது. அடர்ந்த காட்டில் நடைபெற்ற இப்பணியின்போது வெள்ளம் கட்டுமானத்தைப் பலமுறை அடித்துச் சென்றது. மலேரியாக் காய்ச்சலாலும் விபத்துகளாலும் தொழிலாளர் பலர் இறந்தனர். சுண்ணாம்பு, சுர்க்கி, கருங்கல் ஆகியவற்றால் கட்டப்பட்ட அணையை 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். அடித்தளத்தில் இருந்து அணையின் உயரம் 176 அடியும் நீளம் 1,200 அடியும் ஆகும். முல்லையாறும் பெரியாறும் கூடும் இடத்துக்கு அருகே அமைந்ததால் இது முல்லைப் பெரியாறு அணை எனப்படுகிறது.

அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் ஒரே வட்டமான ஏரியாக அமையவில்லை. ஆறும் அதன் ஓடைகளும் பாய்ந்த பள்ளத்தாக்குகள் அனைத்திலும் நீர் ஏறி நின்றதால், பல கிளைகளை உடைய வளைந்த நீர்ப்பரப்பு உருவானது. முழுக் கொள்ளளவில் இதன் பரப்பு ஏறத்தாழ 26 சதுர கி.மீ. ஆகும். நீரில் மூழ்கிய காட்டின் மரங்கள் பட்டுப்போய், அவற்றின் அடிமரங்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் நீருக்கு மேலே நிற்கின்றன. தேக்கடி ஏரியின் படங்களில் தவறாது காணப்படும் இம்மரங்கள், மூழ்கிப்போன காட்டின் எச்சங்கள் ஆகும்.

காப்பகம்

ஏரியைச் சூழ்ந்த காடு 1934 ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசால் நெல்லிக்காம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1950 ஆம் ஆண்டில் இது விரிவாக்கப்பட்டுப் பெரியாறு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 1978 இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காப்பகத்தின் தற்போதைய பரப்பு 925 சதுர கி.மீ. ஆகும்.

ஏரியின் கரையில் இடப்பாளையம் என்னும் இடத்தில் திருவிதாங்கூர் மன்னரின் கோடை மாளிகை இருந்தது. இது பின்னர்க் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஏரி அரண்மனை விடுதியாக மாற்றப்பட்டது. இங்கு தங்குவோர் படகிலேயே அழைத்துச் செல்லப்படுகின்றனர்.

படகுப் பயணம்

கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் கேரள வனத்துறையும் படகுகளை இயக்குகின்றன. வழக்கமான பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீடிக்கும். நாளொன்றுக்கு ஐந்து முறை படகுகள் புறப்படுவது வழக்கம். முதல் படகு காலை 7.30 மணியளவிலும், கடைசிப் படகு பிற்பகல் 3.30 மணியளவிலும் கிளம்பும். மழை, நீர்மட்டம் ஆகியவற்றைப் பொறுத்து இந்நேரங்கள் மாறக்கூடும். விடுமுறை நாட்களில் பயணச்சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடுவதால் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

படகில் இருந்து பொதுவாகக் காணத்தக்கவை:

- விலங்குகள்: யானைக் கூட்டங்கள், காட்டெருமை, மிளா, காட்டுப்பன்றி. சில வேளைகளில் செந்நாய்க் கூட்டமும் நீர்நாய்களும் தென்படும்.
- பறவைகள்: பட்ட மரங்களில் சிறகை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாராவும் நீர்க்காகமும், மீன்கொத்திகள், இருவாச்சிகள்.
- புலி: காப்பகம் புலியின் பெயரால் அறியப்பட்டாலும், படகில் இருந்து புலியைக் காண்பது மிக அரிது.

விலங்குகளைக் காண்பதற்கு மார்ச்சு முதல் மே வரையிலான கோடைக் காலம் ஏற்றது. அப்போது காட்டினுள் உள்ள ஓடைகள் வற்றிவிடுவதால் விலங்குகள் ஏரிக்கரைக்கு வந்தாக வேண்டும். நீர்மட்டம் இறங்கிய கரையில் முளைக்கும் புல்லும் அவற்றை ஈர்க்கிறது. பருவமழைக் காலத்தில் காடு முழுவதும் நீரும் புல்லும் கிடைப்பதால் விலங்குகள் கரைக்கு வருவது குறைகிறது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் ஏரி நிரம்பி, மலைகள் பசுமையாகக் காட்சியளிக்கும். எந்தப் பருவத்திலும் அதிகாலைப் பயணமும் மாலைப் பயணமும் நண்பகல் பயணத்தைவிடப் பயனுள்ளவை.

மூங்கில் தெப்பப் பயணம்

இயந்திரப் படகுகளுக்கு மாற்றாக மூங்கில் தெப்பங்களில் செல்லும் ஒரு நாள் பயணமும் உண்டு. பயணிகள் வழிகாட்டிகளுடனும் ஆயுதம் தாங்கிய வனக்காவலருடனும் காட்டில் நடந்து சென்று, பின்னர் ஏரியில் தெப்பத்தில் ஏறித் துடுப்பு வலித்துச் செல்கின்றனர். இயந்திர ஓசை இல்லாமையால் கரையில் உள்ள விலங்குகள் கலைவதில்லை.

இப்பயணத்தின் வரலாறு குறிப்பிடத்தக்கது. 1990களில் காப்பகத்தைச் சுற்றியிருந்தோரில் சிலர் வயணை எனப்படும் காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்தும், விலங்குகளை வேட்டையாடியும் வாழ்ந்து வந்தனர். 1996 ஆம் ஆண்டு தொடங்கிய இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், இவர்களில் பலர் சூழல் மேம்பாட்டுக் குழுக்களில் சேர்க்கப்பட்டனர். காட்டின் வழிகளையும் விலங்குகளின் நடமாட்டத்தையும் நன்கு அறிந்த அவர்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். மன்னான், பளியர் ஆகிய பழங்குடி மக்களும் இத்தகைய குழுக்களில் பங்கேற்கின்றனர். காட்டை நம்பி வாழ்ந்தோரை வெளியேற்றாமல், அவர்களது அறிவையே பாதுகாப்புக்குப் பயன்படுத்திய எடுத்துக்காட்டாக இது கூறப்படுகிறது.

2009 படகு விபத்து

2009 செப்டம்பர் 30 அன்று மாலை, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஜலகன்னிகா என்னும் இரண்டடுக்குப் படகு மணக்கவலை என்னும் இடத்தில் கவிழ்ந்தது. படகில் 80க்கும் மேற்பட்டோர் இருந்தனர். 45 பேர் உயிரிழந்தனர். இறந்தோர் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். கண்ணாடியிழையால் ஆன அப்படகு சில வாரங்களுக்கு முன்புதான் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்ததாக உயிர் தப்பியோர் கூறினர். பயணிகள் உயிர்காப்பு மேலங்கி அணிந்திருக்கவில்லை. விபத்து குறித்து நீதி விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

இத்தகைய விபத்து நிகழும் விதத்தை எளிய இயற்பியலால் விளக்கலாம். மிதக்கும் படகின் மீது இரு விசைகள் செயல்படுகின்றன. படகும் பயணிகளும் சேர்ந்த எடை, அவற்றின் ஈர்ப்பு மையத்தில் கீழ்நோக்கி அழுத்துகிறது. படகு விலக்கிய நீரின் மிதப்பு விசை மேல்நோக்கித் தள்ளுகிறது. படகு சற்றுச் சாயும்போது, நீரில் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறி, மிதப்பு விசை சாய்ந்த பக்கத்துக்கு நகர்கிறது. ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால் இவ்விரு விசைகளும் சேர்ந்து படகை மீண்டும் நிமிர்த்தும். மேல் தளத்தில் பலர் நின்றால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, நிமிர்த்தும் திறன் குறைகிறது. அந்நிலையில் அனைவரும் ஒரு பக்கம் நகர்ந்தால், எடை செயல்படும் கோடு மிதப்பு விசையின் கோட்டைக் கடந்துவிடும். அதன்பின் அதே விசைகள் படகை நிமிர்த்துவதற்கு மாறாகக் கவிழ்க்கின்றன. இது நிகழச் சில நொடிகளே போதும். எனவே சுற்றுலாப் படகின் பாதுகாப்பு, ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கையை மட்டுமன்றி அவர்கள் எங்கு அமர்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

வனவிலங்குச் சுற்றுலாவில் இந்த ஆபத்து இயல்பாகவே மிகுதி. யானை தென்பட்டவுடன் எழுந்து நின்று அப்பக்கம் செல்வதே பயணிகளின் இயல்பு. விபத்துக்குப் பின் உயிர்காப்பு மேலங்கி அணிவது கட்டாயம் ஆக்கப்பட்டது. பயணம் முடியும்வரை இருக்கையை விட்டு எழக்கூடாது என்று பயணிகள் அறிவுறுத்தப்படுகின்றனர். இவ்விதியைப் பின்பற்றுவது தம் உயிருக்கு மட்டுமன்றி உடன் வருவோரின் உயிருக்கும் பாதுகாப்பாகும்.

கேரளத்தின் நீர்ப்பரப்புகளில் இதற்கு முன்னும் பின்னும் இத்தகைய விபத்துகள் நிகழ்ந்துள்ளன. இதே பெரியாற்றில், கீழ்ப்பகுதியில் உள்ள தட்டேக்காட்டில், 2007 பிப்ரவரி 20 அன்று படகு மூழ்கிப் பள்ளி மாணவர் 15 பேரும் ஆசிரியர் 3 பேரும் இறந்தனர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர்.

நீரின் பாதை

படகுத்துறையில் இருந்து சற்றுத் தொலைவில், ஏரியின் நீர் ஒரு கால்வாய்க்குள் நுழைகிறது. அங்கிருந்து மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட ஏறத்தாழ 1.7 கி.மீ. நீளமுள்ள சுரங்கத்தின் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வெளிவருகிறது. மேற்கே அரபிக் கடலுக்குச் செல்ல வேண்டிய நீர் இவ்விடத்தில் நீர்ப்பிரி மேட்டைக் கடந்து வங்கக் கடல் பக்கம் திரும்புகிறது. இதன் தொடர்ச்சியான பாதை பின்வருமாறு:

1. மலையுச்சியில் இருந்து நான்கு பெரிய இரும்புக் குழாய்கள் வழியாக நீர் லோயர் கேம்ப்பில் உள்ள பெரியாறு மின்நிலையத்துக்கு இறங்குகிறது. தொடக்கத்தில் இந்நிலையத்தின் திறன் 140 மெகாவாட் ஆகும். குமுளி மலைப்பாதையில் செல்லும் பேருந்துகளில் இருந்து இக்குழாய்களைக் காணலாம்.
2. மின் உற்பத்திக்குப் பின் நீர் வைரவனாறு வழியாக முல்லைப் பெரியாறாகக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களின் வயல்கள் இதனால் பாசனம் பெறுகின்றன. இப்பள்ளத்தாக்கில் இருபோக நெல் சாகுபடிப் பரப்பு 14,707 ஏக்கர் ஆகும்.
3. சுருளியாறு முதலியவற்றின் நீரோடு சேர்ந்து வைகையில் கலந்து, 1959 இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்குகிறது.
4. அணைக்குக் கீழே பேரணையில் இருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிந்து மேலூர் வரையிலான நிலங்களுக்கு நீர் தருகிறது. எஞ்சிய நீர் வைகையில் மதுரை நோக்கிச் செல்கிறது. வைகையில் இருந்து பிரியும் நிலையூர் கால்வாய், திருப்பரங்குன்றத்தின் தென்கால் கண்மாய்க்கும் நிலையூர் கண்மாய்க்கும் நீர் கொண்டுவருகிறது.

மதுரை மாநகரின் குடிநீரும் பெரிதும் வைகை அணையைச் சார்ந்தது. லோயர் கேம்ப்பில் இருந்து நேரடியாகக் குழாய் மூலம் மதுரைக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டமும் அம்ருத் திட்டத்தின்கீழ் மேற்கொள்ளப்பட்டது.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை

குமுளியில் இருந்து மலைப்பாதையில் இறங்கியதும் தொடங்கும் கம்பம் பள்ளத்தாக்கு, தமிழ்நாட்டில் திராட்சை மிகுதியாக விளையும் பகுதியாகும். கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை. தேக்கடி செல்வோர் திரும்பும் வழியில் இத்தோட்டங்களைப் பார்த்துச் செல்வது வழக்கமாகிவிட்டது.

இங்கு முதன்மையாக விளைவது பன்னீர் திராட்சை எனப்படும் மசுகட் ஹாம்பர்க் வகையாகும். கருநீல நிறமும், விதையும், பன்னீரை ஒத்த மணமும் கொண்டது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832 ஆம் ஆண்டில் இவ்வகையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகப் பரவலாகக் கூறப்படுகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

கல்தூண்களை நட்டு, அவற்றின் மேல் கம்பி வலை பின்னி, அந்தப் பந்தலில் கொடிகள் படர விடப்படுகின்றன. குலைகள் பந்தலுக்குக் கீழே தொங்கும். கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் அறுவடைக்கு வரும். குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்குவதால் ஆண்டுக்கு ஒரு விளைச்சல் மட்டுமே கிடைக்கும். கம்பத்தில் அவ்வுறக்கம் இல்லை. கவாத்தே கொடிக்குப் புதிய பருவத்தைத் தொடங்கி வைக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் காலம் வேறுபடுவதால், ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓரிடத்தில் பழம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஆற்று நீரின் நேரடிப் பயிர் நெல்லே ஆகும். திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் கிணற்று நீரையும் சொட்டு நீர்ப் பாசனத்தையும் சார்ந்துள்ளன. ஆனால் ஆற்றிலும் கால்வாய்களிலும் நீர் ஓடும் காலத்தில்தான் அக்கிணறுகளில் ஊற்று பெருகும். பழம் முதிரும் வேளையில் பெய்யும் மழை பழங்களை வெடிக்கச் செய்யும். அடிச்சாம்பல் நோய் ஈரக் காலத்தில் பரவுகிறது. இதனால் மழை வேண்டும், ஆனால் தன் பந்தலின் மேல் பெய்ய வேண்டாம் என்னும் நிலையில் திராட்சை விவசாயி இருக்கிறார். மலைக்கு மேலே பெய்த மழையை ஏரியில் தேக்கி, வேண்டும்போது கீழே அனுப்பும் அமைப்பு அவருக்கு ஏன் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

இங்கு விளையும் பழம் பெரும்பாலும் உண்பதற்காகவே விற்கப்படுகிறது. பழச்சாறு, ஒயின், உலர்திராட்சை ஆகியவற்றுக்கும் ஏற்றது. பள்ளத்தாக்கின் காய்கனிகளில் கணிசமான பகுதி குமுளி வழியாகக் கேரளச் சந்தைகளுக்குச் செல்கிறது. மேற்கிலிருந்து நீர் வருகிறது, கிழக்கிலிருந்து காயும் கனியும் செல்கின்றன.

பிரான்சின் ஆற்றுப் பயணங்களுடன் ஒப்பீடு

திராட்சை விளையும் நிலத்தின் வழியே நிதானமாகப் படகில் செல்லும் சுற்றுலா, பிரான்சில் பெரிதும் வளர்ச்சி பெற்றுள்ளது. பொர்தோ பகுதியில் கரோன், தோர்தோஞ் ஆறுகளிலும் அவை கூடும் சிரோந்து கழிமுகத்திலும், லியோன் முதல் அவிஞ்ஞோன் வரை சோன், ரோன் ஆறுகளிலும், 100க்கும் மேற்பட்டோர் தங்கும் கப்பல்கள் ஒரு வாரம் வரை பயணிக்கின்றன. பகலில் பயணிகள் கரையிறங்கித் திராட்சைத் தோட்டங்களையும் ஒயின் நிலவறைகளையும் பார்த்து, இரவில் கப்பலுக்குத் திரும்புவர். பர்கண்டியிலும் தென்பகுதியின் மிடி கால்வாயிலும், முன்பு சரக்கு ஏற்றிய தட்டையான படகுகள் மிதக்கும் விடுதிகளாக மாற்றப்பட்டுள்ளன. அவை ஏறத்தாழ மனிதர் நடக்கும் வேகத்திலேயே செல்லும்.

இவற்றுள் மிடி கால்வாய்க்கும் தேக்கடி ஏரிக்கும் வியப்பூட்டும் ஒற்றுமை உண்டு. பியேர் பவுல் ரிக்கே என்பவரின் திட்டப்படி 1666 முதல் 1681 வரை வெட்டப்பட்ட 240 கி.மீ. நீளமுள்ள இக்கால்வாய், துலூசு நகரை நடுநிலக் கடல் பக்கத்தோடு இணைக்கிறது. அத்திலாந்திக் பக்கத்துக்கும் நடுநிலக் கடல் பக்கத்துக்கும் இடையே உள்ள நீர்ப்பிரி மேட்டைக் கால்வாய் கடக்க வேண்டியிருந்தது. மேட்டின் உச்சியில் எப்போதும் நீர் இருந்தால்தான் மதகுகள் வழியாகப் படகுகள் ஏறி இறங்க முடியும். இதற்காக மலை ஓடைகளைத் தடுத்துச் சான் ஃபெரியோல் அணை கட்டப்பட்டது. பெரியாற்றில் பாசனத்துக்காகக் கட்டிய அணை பின்னர்ப் படகுச் சுற்றுலாவுக்கு இடம் தந்தது. மிடியில் படகுப் போக்குவரத்துக்காகவே அணை கட்டப்பட்டது. லங்கதோக் பகுதியின் ஒயின் நெடுங்காலம் அக்கால்வாய் வழியாகவே சந்தைக்குச் சென்றது. மிடி கால்வாய் 1996 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

வேறுபாடுகளும் உள்ளன. பிரான்சில் படகில் இருந்தே திராட்சைச் சரிவுகளைக் காணலாம். தேக்கடியில் படகு காட்டினுள் செல்கிறது. திராட்சை மலைக்கு மறுபுறம் உள்ளது. பிரான்சின் மரபான ஒயின் தோட்டங்கள் பொதுவாக மழையை நம்பியவை. கம்பத்தில் பாசனமின்றித் திராட்சை இல்லை.

கம்பத்தில் விளையும் அதே மசுகட் ஹாம்பர்க் வகை, அவிஞ்ஞோனுக்கு அருகே வாந்து மலையடிவாரத்திலும் விளைகிறது. அங்கும் இது ஒயினுக்காக அன்றி உண்ணும் பழமாகவே போற்றப்படுகிறது. 1997 ஆம் ஆண்டில் வாந்து மசுகட் என்னும் பெயருக்குப் பிரெஞ்சு அரசின் பிறப்பிடச் சான்று வழங்கப்பட்டது.

நீர்மட்டமும் சுற்றுலாவும்

அணையின் பாதுகாப்பு குறித்துக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே நீண்ட காலமாகக் கருத்து வேறுபாடு நிலவுகிறது. 152 அடி வரை நீர் தேக்க வடிவமைக்கப்பட்ட அணையில், 1979 ஆம் ஆண்டு முதல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு வலுப்படுத்தும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. 142 அடி வரை உயர்த்த 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதனைத் தடுக்கக் கேரள சட்டமன்றம் சட்டத் திருத்தம் இயற்றியது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லாது என அறிவித்து, 142 அடியை உறுதி செய்தது.

ஏரியின் நீர்மட்டம் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பொருள் தருகிறது. அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களுக்கு அது பாதுகாப்பு பற்றிய கவலை. கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிக்கு அது அடுத்த போகத்துக்கான உறுதி. 104 அடிக்குக் கீழே இறங்கினால் சுரங்கத்தின் வழியாக நீர் எடுக்க இயலாது. காட்டு விலங்குகளுக்குக் கரையோரப் புல்வெளியின் பரப்பை அதுவே தீர்மானிக்கிறது. நீர்மட்டம் உயர்ந்தால் அப்புல்வெளிகள் மூழ்கும் என்ற வாதமும் கேரளத் தரப்பில் முன்வைக்கப்பட்டது. சுற்றுலாவுக்கும் இதே சார்பு உண்டு. 2011 டிசம்பரில் இரு மாநிலங்களிலும் போராட்டங்கள் தீவிரமடைந்து குமுளி வழியான போக்குவரத்து தடைபட்டபோது, தேக்கடியின் சுற்றுலாத் தொழிலும் கம்பத்தின் காய்கனி வணிகமும் ஒருசேரப் பாதிக்கப்பட்டன.

கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று விவசாயிகள் பொங்கல் வைத்து அவரை நினைவுகூர்கின்றனர். லோயர் கேம்ப்பில் அவருக்கு அமைக்கப்பட்ட மணிமண்டபம் 2013 ஆம் ஆண்டு அதே நாளில் திறக்கப்பட்டது.

அருகில் உள்ள இடங்கள்

- மங்கலதேவி கண்ணகி கோயில்: காப்பகத்தினுள் எல்லை மலையில் அமைந்துள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை சித்திரா பௌர்ணமி அன்று மட்டும் பொதுமக்கள் அனுமதிக்கப்படுகின்றனர். மதுரையை நீங்கிய கண்ணகி வைகைக் கரை வழியே மலைநாடு சென்றதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது.
- சுருளி அருவி: கம்பத்துக்கு அருகே உள்ளது. சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்கள் இதற்குச் செல்லும் வழியில் உள்ளன.
- வைகை அணை: ஆண்டிப்பட்டிக்கு அருகே உள்ளது. அணையை ஒட்டிப் பூங்கா அமைக்கப்பட்டுள்ளது.

செல்லும் வழி

மதுரையில் இருந்து உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, சின்னமனூர், கம்பம் வழியாகக் குமுளிக்கு ஏறத்தாழ 140 கி.மீ. ஆகும். மதுரையில் இருந்து பேருந்துகள் உள்ளன. மதுரை–போடிநாயக்கனூர் தொடருந்துப் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2022 மே மாதம் தேனி வரையும் 2023 சூன் மாதம் போடிநாயக்கனூர் வரையும் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. தொடருந்தில் வருவோர் தேனியில் இறங்கிப் பேருந்தில் குமுளி செல்லலாம். லோயர் கேம்ப்புக்குப் பின் சாலை மலையேறுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- முல்லைப் பெரியாறு அணை
- பெரியாறு புலிகள் காப்பகம்
- கம்பம் பள்ளத்தாக்கு
- வைகை அணை
- ஜான் பென்னிகுவிக்
- மிடி கால்வாய்